புள்ளிவிவரமும் கத்தரிக்கோல் மாமாவும்

படித்தவர்களைத் தாராளமாக நம்பலாம். புதிதாகப் படித்து முடித்தவர்களை மட்டும் கொஞ்ச நாள் ஆறவிட்டு நம்ப வேண்டும். நான் எம்.பி.ஏ. முடித்த சூட்டோடு இருந்தபோது தொட்டவர்களுக்கெல்லாம் கை சுட்டது. முதல் கை அம்மாவுடையது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். (பெருமையாகத்தான் சொல்கிறேன். கேட்டால் இன்னொரு முறையும் சொல்வேன்.) அப்பா தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா அப்போது ஏற்றுமதித் துணி கம்பெனி ஒன்றில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். வருடக்கணக்காகக் காலர் மட்டும்தான். மிச்சச் சட்டை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் அம்மாவும் ஜவுளிக்கடைக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் அவர் தைக்கும் ஜாக்கெட்டுக்கு எங்கள் தெருவே அடிமை.

"தனியா கடை போடும்மா. ஆன்லைன் விளம்பரத்த நான் பாத்துக்கறேன்" என்று ஓதிக்கொண்டே இருந்தேன். கூடுவாஞ்சேரியில் மனை விற்கும் ஓர் அலுவலகத்தில், விளம்பரப் பிரிவில் எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. அந்தத் திமிர் வேறு.

அம்மா நம்பினார். வேலையை விட்டார். சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய சந்தில் சின்னதாக ஓர் அறை பிடித்தார். விடைபெறப் போனபோது சூப்பர்வைசர் வசந்தி மேடம் சிரித்திருக்கிறார்: "போய்ட்டு வா செல்வி. தீபாவளிக்குள்ள திரும்பிடுவ. உன் மெஷின யாருக்கும் குடுக்க மாட்டேன்."

ஆக, கடை ஓடாவிட்டால் அம்மா மறுபடியும் காலருக்குத் திரும்ப வேண்டும். அதுவும் தலையைக் குனிந்துகொண்டு.

நானோ அலுவலகத்தில் கிடைத்த ஓர் அறிக்கையைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். யாரிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது, எந்த நேரத்தில் எதைப் பார்க்கிறார்கள் என்று வண்ண வண்ணக் கோடுகளாகப் போட்டிருந்தார்கள். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: புறநகரில் இளம் குடும்பத்தலைவிகள் பெரும்பாலோரிடம் போன் இருக்கிறது, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் போன்களில் வீடியோ ஓடுவது உச்சத்துக்குப் போகிறது, பாட்டும் வண்ணமுமாக இருக்கும் குட்டி வீடியோக்கள் கடைசிவரை ஓடுகின்றன.

அப்பா அந்தக் கோட்டுப்படத்தை ஒரு பிரதி எடுத்து ஆட்டோவில் ஒட்டிவிட்டார். "எம் பொண்ணு கண்டுபுட்ச்சது சார். இன்னாமா ஏறுது பாரு, மேம்பாலம் மாரி!" என்று சவாரிகளுக்கு விளக்கவுரை வேறு.

விளம்பரத்தை நானே தயாரித்தேன். மீசை வைத்த ஒரு கத்தரிக்கோல், பெரிய கண்களை உருட்டிக்கொண்டு, 'சர்ர்ர் சர்ர்ர்' என்று பாடி ஆடும். பெயர் கத்தரிக்கோல் மாமா. கடைசியில் அளவு நாடாவோடு அம்மா வந்து சிரிப்பார். சேலையூரிலிருந்து கீழ்க்கட்டளை வரை, இளம் பெண்களின் போன்களில், இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு ஓடும்படி அமைத்தேன்.

பிய்த்துக்கொண்டு போனது! பார்த்தவர்கள் முழுவதும் பார்த்தார்கள். பார்த்தவர்களே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஒரு தையல்கடை விளம்பரத்தை எந்தப் பெண்ணாவது சாப்பிடும்போது மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பாளா என்று நான் யோசித்திருக்க வேண்டும். நான் யோசித்ததோ, ஒரு தையல் மெஷின் போதாதே என்று.

இன்னொரு மெஷின் வாடகைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை திறப்பு விழா. அம்மாவின் பழைய தோழிகளை அழைத்தோம். வசந்தி மேடத்தை நானே தேடிப்போய் அழைத்தேன். (பார்க்கட்டுமே!) பிளாஸ்டிக் நாற்காலிகள், ரோஸ்மில்க், வாசலில் வாழைக்கன்று. அன்றைக்குத்தான் விளம்பரத்தில் முதன்முறையாக 'இப்போதே அழைக்க' என்ற பொத்தானையும் சேர்த்தேன். சாப்பாட்டு நேரம் நெருங்கியது. போன் அடித்தது. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"வணக்கம் மேடம், சொல்லுங்க!"

மூச்சு விடும் சத்தம். பிறகு ஒரு கீச்சுக் குரல்: "மாமா இக்காங்களா?"

"எந்த மாமாங்க?"

"கத்திக்கோல் மாமா. ஆடச் சொல்லு."

வைத்துவிட்டேன். உடனே அடுத்த அழைப்பு. அதில் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கடுத்ததில் அழுகை. பாட்டு நின்றுபோய் என் குரல் வந்ததற்காக அழுகை. அடுத்ததில், "எம்மா, உள்ள ஒரு அக்கா பேசுது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன் அந்தப் பிள்ளைகளின் அம்மாவுடையது. பதிவு அம்மா பெயரில். வயதும் அம்மாவின் வயது. ஆனால் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அது இருப்பது பிள்ளையின் கையில். போனைக் காட்டாமல் எங்கள் பக்கத்தில் எந்தக் குழந்தை வாயைத் திறக்கிறது? நான் புறநகர் முழுக்கச் சோறு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வாடிக்கையாளர்களுக்குப் போட்ட நாற்காலிகள் காலி. வசந்தி மேடம் ரோஸ்மில்க்கை உறிஞ்சியபடி, "என்ன செல்வி, பால்வாடி தொறந்திருக்கியா?" என்றார். தோழிகள் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் தவித்தார்கள். எனக்கு மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது.

"ஒரே பேஜாரா கீதே. போன ஆப் பண்ணும்மா" என்றார் அப்பா.

மறுபடி அடித்தது. அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"இன்னா கண்ணு, சாப்ட்டியா?"

"ம்ஹூம்."

"இன்னா சாதம்?"

"பப்பு சாதம்."

"ஒரு வாய் வாங்கிக்கோ. மாமா ஆடுவாரு." சொல்லிவிட்டு, துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் பிடித்து 'சர்ர்ர் சர்ர்ர்' என்றார். அந்தப் பக்கம் கெக்கெக்கே என்று சிரிப்பு. பின்னாலேயே ஒரு பெண்ணின் பதற்றக் குரல்: "ஐயோ சாரிங்க, புள்ள அமுக்கிட்டான்... ஆனா ஒரு வாய் வாங்கிட்டாங்க! இன்னொரு தடவ பண்றீங்களா?"

அம்மா பண்ணினார். தட்டு காலியாகும்வரை பண்ணினார்.

"நீங்க யாருங்க?" என்றாள் அந்தப் பெண்.

"ஜாக்கெட் தைக்கிறேம்மா. கேம்ப் ரோடாண்ட."

"அப்படியா? எங்கிட்ட நாலஞ்சு ஜாக்கெட் கை டைட்டா கெடக்கு. பிரிச்சுத் தருவீங்களா?"

"எடுத்துகினு வாம்மா."

அதற்குப் பிறகு வந்த எல்லா அழைப்புகளையும் அம்மாவே எடுத்தார். கடை மூடும் நேரத்துக்குள், முதல் வாடிக்கையாளர் இடுப்பில் பிள்ளையும் கையில் பையுமாக வந்து நின்றார். பிள்ளை நேரே மாமாவைத்தான் தேடினான். மீசையில்லாத கத்தரிக்கோலைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது. அம்மா கறுப்பு நூலைக் கத்தரித்து, பசை வைத்து, அதற்கு ஒரு மீசை ஒட்டினார். வசந்தி மேடம் ரோஸ்மில்க் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினார். மறுவாரம் ஒரு பட்டு ஜாக்கெட்டோடு வந்து, "கை மட்டும் கொஞ்சம் லூஸ் பண்ணணும் செல்வி" என்றார்.

நான் புள்ளிவிவரத்தைக் கைவிடவில்லை. (படித்ததை விடுவேனா?) எத்தனை பேரிடம் போன் இருக்கிறது என்பதோடு, எந்த நேரத்தில் அது யார் கையில் இருக்கிறது என்றும் கேட்கத் தொடங்கினேன். கடைக்கு வந்த பெண்களையே விசாரித்தேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒரு டம்ளர் டீயோடு உட்காரும் நேரம் மட்டும்தான் போன் எங்களுடையது என்றார்கள். விளம்பரத்தை அந்த நேரத்துக்கு மாற்றினேன். மீசைக்கார மாமாவையும் விடவில்லை. அவரைத்தான் ஏற்கெனவே எல்லா வீட்டிலும் தெரியுமே! தீபாவளி வந்தபோது வாடகை மெஷின் சொந்த மெஷின் ஆகியிருந்தது. அதில் அம்மாவின் பழைய தோழி ஒருவர் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். அம்மா இப்போது காலர் தைப்பதில்லை. முழு ஜாக்கெட், இரண்டு கைகளோடு.

ஒரே சிக்கல் அப்பா. தெரியாத எண்ணிலிருந்து யார் அழைத்தாலும், கடன் வேண்டுமா என்று கேட்கும் வங்கிக்காரராக இருந்தாலும், "இன்னா கண்ணு, சாப்ட்டியா?" என்றுதான் தொடங்குவார். போன மாதம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடிக்க, அப்பா எடுத்து அதையே கேட்டிருக்கிறார். அந்தப் பக்கம் எங்கள் அலுவலக மேலாளர். எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கும் செய்தியைச் சொல்ல அழைத்தவர், கொஞ்சம் திகைத்து, "இன்னும் இல்ல சார்" என்றாராம்.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு ஓடி வருவதற்குள் அப்பா கத்தரிக்கோலைத் தேட ஆரம்பித்திருந்தார்.