கோணலாகக் கட்டிய பேனர்

வாங்காத பட்டத்துக்குத் தெரு முனையில் பேனர் கட்டப்பட்ட ஒரே ஆள் கள்ளிக்குப்பத்தில் நானாகத்தான் இருப்பேன். (அரசியல்வாதிகளைச் சேர்க்கவில்லை.) அதற்கு முழுக் காரணமும் என் வாய்தான்.

அப்போது பட்டாபிராம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். எங்கள் கல்லூரியும் ஊருக்குள் இருந்த ஒரு பெரிய கல்லூரியும் கூட்டு சேர்ந்து ஒரு திட்டம் வைத்திருந்தன. பி.எஸ்ஸி. படிக்கும்போதே அந்தப் பெரிய கல்லூரியின் எம்.எஸ்ஸி. பாடங்கள் நான்கை எழுதிவிடலாம். நான்கிலும் தேறினால் இரண்டு வருட எம்.எஸ்ஸி.யை ஒரே வருடத்தில் முடித்துவிடலாம். ஒன்றில் கோட்டை விட்டாலும் எல்லாரையும் போல இரண்டு வருடம்தான்.

என் அப்பாவுக்கு (நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்) அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. மறு வருடம் ரிட்டயர்மெண்ட். வேலையை விட்டு நிற்பதற்குள் பெண் எம்.எஸ்ஸி. வாங்கிப் பார்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவர் ஆசை. திட்டத்தை விளக்கச் சொன்னபோது, "இங்க படிச்சிகினே அங்க பாதிய முடிச்சிட்டேன் நைனா" என்றேன். எழுதிய பரீட்சைக்கு ரிசல்ட்டே வரவில்லை என்ற சின்ன விவரத்தை விட்டுவிட்டேன். அந்தப் பாதி, தெருவுக்குள் போய்த் திரும்பும்போது முழுசாகிவிட்டது. எல்லாரும் என்னை 'எம்.எஸ்ஸி. பொண்ணு' என்றார்கள். எனக்கும் அது இனித்தது, அல்ப புத்தி.

ரிசல்ட் வந்த அன்று கல்லூரியில் இருந்தேன். மூன்றில் பாஸ். அல்காரிதத்தில் ஃபெயில். ரயிலில் அம்பத்தூர் வரும்வரை நைனாவிடம் எப்படிச் சொல்வது என்று வசனம் தயார் செய்துகொண்டே வந்தேன்.

தெரு முனையில் பத்தடி உயரத்துக்கு என் மூஞ்சி. ஆதார் அட்டைப் போட்டோவைப் பெரிதாக்கியிருந்தார்கள். கொலைக் கேஸில் தேடப்படுகிறவளைப் போல இருந்தேன். 'முதுகலைப் பட்டம் வென்ற எங்கள் குலவிளக்கே' என்று கொட்டை எழுத்து. (பாதிப் பட்டத்துக்கெல்லாம் பேனரில் வாசகம் கிடையாது போலிருக்கிறது.) கீழே மூலையில், 'இவண்' என்று போட்டு, வெள்ளைச் சட்டையில் நைனா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பேனர் கடை சேகர் அண்ணன் தன் போனில் எடுத்த போட்டோ அது. (எங்கள் வீட்டுப் போட்டோ எதிலும் அவர் சிரித்ததில்லை.)

நைனா லீவு போட்டுவிட்டு ஏணியில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார். சேகர் அண்ணன் ஏணியைப் பிடித்திருந்தார். சுற்றிலும் பத்துப் பேர் வேடிக்கை. மளிகைக்கடை அக்கா என் வாயில் ஒரு லட்டைத் திணிக்க, தயார் செய்த வசனமெல்லாம் லட்டோடு உள்ளே போயிற்று.

"நைனா, கொஞ்சம் எறங்கி வா."

"இரும்மா, இந்த முடிச்சப் போட்டுட்டு வந்துட்றேன்."

"நாலுல ஒண்ணு பூடுச்சு நைனா." மெதுவாகத்தான் சொன்னேன்.

அவர் கை நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

"சேகரு, கோணலா கீதுப்பா. எறக்கிடலாம்."

"நேராத்தானே கீது அண்ணாத்தே?"

"கோணலா கீதுன்றேன்ல. அப்பறமா நல்லா கட்டிக்கலாம்."

கட்டிய முடிச்சைத் தானே அவிழ்த்தார். பேனரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார், பின்னால் நான். வழியில் நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வாசலுக்கு வந்ததும்தான் கேட்டார்.

"அப்ப ரெண்டு வருசமாவுமா?"

"ஆவும் நைனா."

"ஆவட்டும். நான் எங்க ஓடிடப் போறேன்?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது சொதப்பினாலும் அதே பேச்சுதான். குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தால், "கோணலா கீது, எறக்கிடு" என்று நைனா தட்டைத் தள்ளுவார். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்குக் காது சுடும்.

இரண்டு வருட எம்.எஸ்ஸி.யில் சேர்ந்தேன். நைனா ரிட்டயரான மறு மாதம், என் இரண்டாம் வருடம் தொடங்கிய அதே வாரம், மார்வலி வந்து போய்விட்டார். அந்த ஒரு பேப்பரில் தேறியிருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பார். எத்தனை முறை யோசித்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன்.

கண்ணீர் அஞ்சலி பேனரை சேகர் அண்ணன்தான் அடித்துக்கொண்டு வந்தார். நைனாவுக்கு வேறு நல்ல போட்டோ இல்லை. அதே வெள்ளைச் சட்டை, அதே சிரிப்பு, அதே தெரு முனைக் கம்பம். நான் பாதியை முடித்துவிட்டேன் என்று நம்பிச் சிரித்த சிரிப்பு அது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"கோணலா கீதுண்ணே. எறக்கிடுங்க."

ஏணியில் நின்றபடியே அவர் பின்னால் சாய்ந்து பார்த்தார்.

"இல்லம்மா. நேராத்தான் கீது."

பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து அக்கம்பக்கத்துப் பெண்கள் தாங்கிப் பிடித்தார்கள். அவள் சிரித்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

மறு வருடம் பட்டம் வந்தது. அம்மா அதைச் சட்டம் போட்டு, நைனா படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினாள். தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கோணலா கீதுடி."

கோணலாகத்தான் இருந்தது. சரிசெய்யப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கெடக்கட்டும். எறக்காத."