உடும்பு இசக்கியும் ஒழுக்கமான கீபோர்டும்

ஒரு காட்டுல ஒரு காலேஜ் வந்துச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும் காடு நல்லாத்தான் இருந்துச்சு.

அந்தக் காலேஜ்ல மூணாம் வருஷம் படிச்ச உடும்பு இசக்கிக்கு ரெண்டு விஷயம் நல்லா வரும். ஒண்ணு பேஸ் கிட்டார், இன்னொண்ணு சண்டை. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். பிடிச்சா விடமாட்டா. காலேஜ் பேஸோட நாலு தடிக் கம்பியையும் அவ அமுக்குற அமுக்குல, மேடைப் பலகைக்குள்ள குடியிருக்கிற கரையானெல்லாம் வெளிய வந்து எட்டிப் பாக்கும்.

கரையானுக்குத்தான் கேட்டுச்சு. வேற எவன் காதுலயும் அது மூணு வருஷமா விழல. முன்னாடி நின்னு மயில் வசந்தன் பாடுவான். மயில் பாடினா எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா? பக்கத்துல குரங்கு, ரெண்டு கையோட ஒரு காலையும் சேத்துப் போட்டு கீபோர்டை மொழுகுவான். இந்தச் சந்தையில பேஸ் எங்க கேக்கறது? "ஏம்மா, எல்லா கிட்டார்லயும் ஆறு கம்பி இருக்கு, உன்னுதுல ரெண்டு அறுந்துபோச்சா?"ன்னு விசாரிச்சவங்கதான் ஜாஸ்தி.

இப்படி இருக்கையில, காட்டுக்குக் காடு போட்டி போடுற கலைவிழாவுக்கு ஒரே வாரம் இருக்கும்போது, வருகைப்பதிவு போதலைன்னு குரங்கை நிறுத்திட்டாங்க. அவன் தினமும் வந்தான் பாவம். ஜன்னல் வழியா வந்தான். கையெழுத்து நோட்டு வாசல்ல இருந்துச்சு.

ஒத்திகையில மயில் வசந்தன் தோகையை ஒரு உதறு உதறிட்டு சொன்னான்: "ஒண்ணும் கவலைப்படாதீங்க. எங்கிட்ட பென்டிரைவ்ல ட்ராக் இருக்கு. கீபோர்டு அதுலயே வந்துரும். பேஸும் வந்துரும்."

"பேஸும் வந்துருமா? அப்ப நான் எதுக்கு?"ன்னா இசக்கி.

"அதத்தாம்மா நானும் யோசிக்கிறேன்."

இசக்கிக்கு வாலு நுனி வரைக்கும் சூடு ஏறிருச்சு. "ட்ராக்கும் வேணாம், உன் பென்டிரைவும் வேணாம். கீபோர்டையும் நானே வாசிக்கிறேன்."

"வாசி, வாசி. முடியலன்னா ட்ராக். பேச்சு மாறக் கூடாது."

"மாறுனா எம்பேரை மாத்திக்கிறேன்டா."

வெளிய வந்ததும் டிரம்ஸ் வாசிக்கிற மரங்கொத்தி அந்தோணி கேட்டான். "உனக்கு எத்தனை கைடி?"

"ரெண்டு போதும். இடது கையால கம்பியை அடிச்சு அமுக்கினாலே பேஸ் பேசும். மிச்சம் இருக்குற வலது கையில கீபோர்டு. பக்கத்துலயே நிக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு வேணும், அவ்வளவுதான்."

"வாங்கித் தருவாங்களா?"

"கேக்குற விதத்துல கேட்டா தருவாங்க."

கேக்குற விதம்னு ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு பேரு படிவம் ஏழு. ஆபீஸ் சூப்பரண்டு ஆமைதான் அதைக் குடுப்பாரு. திங்கக்கிழமை காலையில கேட்டா, சாயங்காலம் வரைக்கும் டிராயரைத் திறந்துக்கிட்டே இருப்பாரு.

இசக்கி படிவத்துல யோசிச்சு யோசிச்சு எழுதினா. நீளமா இருக்கக் கூடாது, பேஸோட கழுத்து திரும்பும்போது இடிக்கும். கட்டை ரொம்பப் பொடிசாவும் இருக்கக் கூடாது, உடும்பு நகத்துக்கு ஒண்ணை அமுக்கினா மூணு அமுங்கும். பேட்டரியில ஓடணும், ஏன்னா மேடையில மூணு பிளக்குதான்; ஒண்ணு மைக்செட்டுக்கு, ஒண்ணு பேஸோட ஸ்பீக்கர் பெட்டிக்கு, ஒண்ணு வசந்தன் தோகை பறக்குறதுக்கு வைக்கிற ஃபேனுக்கு. எல்லாத்தையும் எழுதினா. சத்தம் வரணும்னு மட்டும் எழுதல. கீபோர்டு வாங்கும்போது சத்தம் வரணும்னு எவனாவது எழுதிக் குடுப்பானா?

எழுதிக் குடுத்திருக்கணும்.

புதன்கிழமை கொள்முதல் கமிட்டி கூடுச்சு. தலைவர், பிரின்சிபால் யானை. உறுப்பினர், சூப்பரண்டு ஆமை. கடைக்கார நரி மூணு கீபோர்டைக் கொண்டுவந்து மேஜையில வரிசையா வச்சான். ஒண்ணு ஆள் நீளம். ஒண்ணு கை நீளம். ஒண்ணு பரீட்சை அட்டை மாதிரி தட்டையா, கருப்பா, இருபத்தஞ்சே கட்டையோட.

இசக்கி கண்ணு நேரா நடுவுல இருக்குற கை நீளத்துக்குப் போச்சு. கட்டை நல்ல அகலம், முதுகுல பேட்டரி, வயித்துல ஸ்பீக்கர். மனசுக்குள்ளயே அதைத் தூக்கிட்டுப் போயி பேஸ் பக்கத்துல நிறுத்திப் பாத்துட்டா.

"சார், இந்த நடுவுல உள்ளது போதும் சார்."

"இரும்மா. எதையும் முறைப்படி செய்யணும்"னாரு யானை. "எனக்கு மூணுமே பொடிசாத்தான் தெரியுது."

முறைப்படி முதல் கீபோர்டுல தும்பிக்கையை வச்சாரு. அது 'பாங்ங்'னு ஒரு கத்து கத்துச்சு. பக்கத்து அறையில அரியர் பரீட்சை நடந்துக்கிட்டு இருந்துச்சு. அங்க மேற்பார்வை பாத்த கொக்கு, உடம்பை அங்கயே விட்டுட்டுக் கழுத்தை மட்டும் இந்த வாசல் வழியா நீட்டி, "ஷ்ஷ்ஷ்!"னுச்சு.

யானை தும்பிக்கையை எடுத்துட்டாரு. "சத்தம் போடுது. அடுத்தது."

ரெண்டாவதை ஆமை தொட்டாரு. அவர் தொட்ட வேகத்துக்கே அது 'டிங்'னுச்சு. கொக்குக் கழுத்து மறுபடி வந்துச்சு.

"இதுவும் சத்தம் போடுது. குறிச்சுக்கங்க சூப்பரண்டு."

"சார்! அது கீபோர்டு சார்! சத்தம் போடத்தான் சார் செஞ்சு வச்சிருக்கு!"ன்னு இசக்கி கத்தினா.

"ஷ்ஷ்ஷ்!"

மூணாவதுல யானை தும்பிக்கையால நல்லா ஒரு தேய்ப்பு தேய்ச்சாரு. ஒண்ணும் வரல. பச்சையும் செவப்புமா குட்டி லைட்டு மட்டும் கண்ணு சிமிட்டுச்சு. வாசல்ல கொக்கும் வரல. யானை முகம் மலர்ந்துபோச்சு.

"இதான் நல்ல பிள்ளை."

"செத்துப்போன பிள்ளை சார்! ஏய் நரி, வாயைத் திறடா, இதுல ஏன் சத்தம் வரல?"

நரி பல்லைக் காட்டினான். "மேடம், இது தனியாப் பேசாது. கம்ப்யூட்டர்ல சொருகினாத்தான் கம்ப்யூட்டர் பேசும். இது சும்மா கட்டளை குடுக்கும், அவ்வளவுதான்."

யானை ஆமையைப் பாத்தாரு. ஆமை யானையைப் பாத்தாரு. தான் எதுவும் பேசாம அடுத்தவனுக்குக் கட்டளை குடுக்குற ஒண்ணு மேல ரெண்டு பேருக்கும் சட்டுனு ஒரு மரியாதை வந்துருச்சு.

"அப்ப ஒரு கம்ப்யூட்டர் குடுங்க சார்."

"லேப் கம்ப்யூட்டர் லேபை விட்டு வெளிய வரக் கூடாதும்மா. விதி."

"லேபுக்குள்ள மேடை போடலாமா சார்?"

"இந்த வாய்தான் உனக்கு ஆகாது"ன்னு சொல்லிட்டு யானை கையெழுத்துப் போட்டாரு.

போன்ல சொருகலாம்னு பாத்தா, இசக்கி போனை நாலு கோணத்துல திருப்பி வச்சாத்தான் சார்ஜே ஏறும். அந்தோணி போனுக்கு டிஸ்ப்ளே கிடையாது. மரங்கொத்தி போனுக்கு ஏன் டிஸ்ப்ளே இல்லன்னு கேக்காதீங்க. சரி, நரிகிட்டயே திருப்பிக் குடுத்து மாத்திரலாம்னு ஓடினா, அதுக்குள்ள ஆமை வேலையை முடிச்சுட்டாரு. வாழ்க்கையில அவர் சுறுசுறுப்பா செஞ்ச ஒரே வேலை. தடி பிரஷ்ஷால, வெள்ளைப் பெயிண்ட்ல, கட்டை மேலயே குறுக்க 'வ.க. 114'ன்னு ஸ்டாக் நம்பர் போட்டு வச்சிருந்தாரு.

"நம்பர் விழுந்தா விழுந்ததுதாம்மா. இனி அது காலேஜ் சொத்து."

விழா அன்னிக்கு மயில் வசந்தன் பென்டிரைவைக் கழுத்துல தாயத்து மாதிரி மாட்டிக்கிட்டு வந்தான். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல இசக்கி. கீழ இறங்கிக்கோ."

"நீ மொதல்ல மேல ஏறுடா."

ஏறினாங்க. இசக்கி வலது கைப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில செத்த கீபோர்டு. பவர் பேங்க்ல சொருகி வச்சதால லைட்டு மட்டும் ஜெகஜோதியா எரிஞ்சுச்சு. வசந்தன் பல்லவியை ஒருவழியா பாடி முடிச்சான். அடுத்து கீபோர்டு மட்டும் தனியா வர்ற இடம். குரங்கு இருந்தா இந்நேரம் காலைத் தூக்கியிருப்பான். அந்தோணி கொத்துறதை நிறுத்திட்டு இசக்கியைப் பாத்தான். வசந்தன் பென்டிரைவைக் கழட்ட ஆரம்பிச்சான்.

அதைப் பாத்ததும் இசக்கிக்கு வந்துச்சே ஒரு கோவம். வலது கையால கீபோர்டைப் போட்டு வெளுத்து வாங்கினா. இருபத்தஞ்சு கட்டையும் லபோதிபோன்னு அடிச்சுக்குது, சத்தம் மட்டும் இல்ல. அந்த ஆத்திரம் முழுக்க இடது கையில இறங்குச்சு. நாலு கம்பி மேல நகம் விழுந்துச்சு.

குறுக்க குரங்கு இல்ல. வசந்தன் வாயும் மூடியிருக்கு. மூணு வருஷத்துல முதல் தடவையா, காடு பேஸைக் கேட்டுச்சு.

தரை உறுமுச்சு. முன்வரிசையில உக்காந்திருந்த முயலெல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணை ஒண்ணு பாத்துச்சு. எருமை அசைபோடறதை நிறுத்துச்சு. கடைசி வரிசையில விசில் பறக்குது. வசந்தன் வாயைத் திறந்தான், "உக்காருடா!"ன்னு கூட்டம் கத்துச்சு. பாட்டு முடியிற வரைக்கும் அவனுக்கு வேலையே இல்ல, ஃபேன் காத்துல நின்னான்.

இசக்கிக்கு கண்ணுல தண்ணி முட்டுச்சு. கேட்டுட்டாங்க. கடைசியில கேட்டுட்டாங்க.

முதல் பரிசு. மைக்ல அறிவிச்சாங்க: "மிகச் சிறந்த கீபோர்டு வாசிப்பு!"

ஏன்னா எல்லாக் கண்ணும் வலது கையைத்தான் பாத்துச்சு. லைட்டு அங்கதான எரிஞ்சுது.

"அது பேஸ்! நீங்க கேட்டது பேஸ்!"னு இசக்கி மேடையிலயே கத்தினா. "இந்த கீபோர்டுல சத்தமே வராது! நான் வேணா அமுக்கிக் காட்டவா?"

கூட்டம் கைதட்டுச்சு. "என்ன அடக்கம், என்ன அடக்கம்"னு ஒரு எருமை உருகிப்போயிருச்சு. கீபோர்டைத் தேர்ந்தெடுத்த கமிட்டிக்கு மாலை போட்டாங்க. யானைக்குப் பத்தல, காதுல மாட்டி விட்டாங்க.

திங்கக்கிழமை நோட்டீஸ் போர்டுல ஒரு தாள் ஒட்டியிருந்துச்சு. புதுக் கீபோர்டே எல்லாத்தையும் சிறப்பாக வாசித்துவிடுவதால், பேஸ் கிட்டார் இனி தேவைப்படாது. மாணவி இசக்கி அதை வெள்ளிக்குள் ஸ்டோரில் ஒப்படைக்கவும். தவறினால் நோ டியூ கிடையாது.

பாக்கி எதுவும் இல்லன்னு காலேஜ் குடுக்குற அந்த நோ டியூ சீட்டு இல்லன்னா ஹால் டிக்கெட் இல்ல. ஹால் டிக்கெட் இல்லன்னா மூணு வருஷமும் இல்ல.

இசக்கி மூணு நாள் சண்டை போட்டா. பிரின்சிபால் அறையில போட்டா, வராந்தாவுல போட்டா, ஆமை ஓட்டுக்குள்ள போயிட்ட பிறகு ஓட்டைப் பாத்துப் போட்டா. வியாழக்கிழமை குரல் கம்மிப்போச்சு. ஸ்டோர் வாசல்ல பேஸைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அந்தோணி பக்கத்துல வந்து உக்காந்தான்.

"நான் சொன்னது உண்மைடா. ஒருத்தனாவது ஒத்துக்கணும்ல?"

"ஒத்துக்க மாட்டாங்க. மாலையெல்லாம் போட்டாச்சு. உனக்கு என்னடி வேணும்? ஜெயிக்கணுமா, வாசிக்கணுமா?"

இசக்கி பேஸோட நாலு கம்பியையும் ஒரு தடவை தடவிப் பாத்தா. அப்புறம், ஒரு உடும்பு செய்யக் கூடாத காரியத்தை செஞ்சா. பிடியை விட்டா.

வெள்ளிக்கிழமை காலையில ஆமை முன்னாடி ஒரு படிவம் ஏழு இருந்துச்சு. பக்கத்துல பேஸ் கிட்டார் சுவத்துல சாஞ்சு நின்னுச்சு.

ஆமை கண்ணாடியை ஏத்தி விட்டாரு. "என்னம்மா இது? பொருள், கீபோர்டு ஸ்டாண்டு..."

"ஆமா சார், இந்தா சுவத்துல சாஞ்சு நிக்குதே, இதுதான். அவ்வளவு நல்ல கீபோர்டை பிளாஸ்டிக் நாற்காலியில வச்சா காலேஜுக்குத்தானே சார் அசிங்கம்?"

"நாலு கம்பி எதுக்கு?"

"கீபோர்டு கீழ விழுந்துராம கட்டிக்க சார்."

"கரண்டு வயர் ஒண்ணு தொங்குதே?"

"கீபோர்டுக்குக் குளிரும்ல சார், சூடு பண்ண."

ஆமை யோசிச்சாரு. மதியச் சாப்பாடு வரைக்கும் யோசிச்சாரு. "அப்ப அந்த பேஸ் கிட்டார்?"

"அதைத்தான் நீங்க வேண்டாம்னுட்டீங்களே சார். ரெஜிஸ்டர்ல அடிச்சிருங்க."

ஆமை ஒரு வரியை அடிச்சாரு, ஒரு வரியை எழுதினாரு, பிரஷ்ஷை எடுத்து பேஸ் நெத்தியில 'வ.க. 115'ன்னு போட்டாரு. நோ டியூல முத்திரை விழுந்துச்சு.

இப்பவும் இசக்கி எல்லா மேடையிலயும் வாசிக்கிறா. வலது கையில வ.க. 114, இடது கையில வ.க. 115. தரை உறுமும்போதெல்லாம் காடே எந்திரிச்சு நின்னு கீபோர்டைக் கும்பிடுது. போன விழாவுல பிரின்சிபால் யானை கிட்ட வந்து, தும்பிக்கையால பேஸை ஒரு தட்டுத் தட்டிட்டு சொன்னாரு: "ஸ்டாண்டும் பரவாயில்லம்மா. ஆடாம நிக்குது."

"எல்லாம் உங்க செலக்ஷன் சார்"னா இசக்கி.

நீதி: உன் வாத்தியம் உயிரோட இருக்கணும்னா, அதை வாத்தியம்னு சொல்லித் தொலைக்காதே, ஸ்டாண்டுன்னு எழுதிக் குடு.