டிராக்டருக்கு பிளேடு வாங்கப் போனோம்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற சாமான் ஒன்று வாங்கத் திருச்சிக்குப் போனோம்.

அப்பா, டிராக்டர் ஓட்டுகிற மாரிமுத்து அண்ணன், நான். மூன்று பேர்.

டிராக்டர் சாமான் வாங்க ஒரு பெண் எதற்கு? ஊரே கேட்டது. காரணம் நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அடுத்து காலேஜில் பி.யு.சி. சேரணும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று அப்பா இரண்டு காலில் நின்றார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"இங்க பாரு வசந்தா, அந்தக் கடையில எல்லாம் இங்கிலீஷ்லதான் எழுதியிருக்கு. நீ படிச்ச இங்கிலீஷ் இந்த வீட்டுக்கு ஒரு காரியத்துக்காவது ஆகட்டும். ரோடு ஒழுங்கா வந்துச்சுன்னா காலேஜ். வரலைன்னா வாயே திறக்கக் கூடாது."

சரி என்றேன். என்ன பெரிய டிராக்டர் சாமான்! சார்லஸ் மன்னன் தலையை வெட்டினதையே இங்கிலீஷில் படித்தவள் நான்.

ரோடு என்று அப்பா சொன்னது எங்கள் வீட்டு கிராவல் பாதையை. ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடம் பாலம் ஏறி இறங்கினால் எங்கள் ஊர். மெயின் ரோட்டிலிருந்து வாழைத்தோட்டத்தை ஒட்டி ஒரு பர்லாங் உள்ளே வந்தால் வீடு. வண்டிச் சக்கரம் போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம். நடுவில் திமில் மாதிரி மேடு.

மாட்டு வண்டிக்கு இது போதும். அப்பா இப்போது ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். ஊருக்கே முதல் கார்! ஆனால் அது வீட்டுக்கு வரமாட்டேன் என்றது. பாதையில் ஏறினால் அடிவயிறு இடிக்கும். அதனால் மெயின் ரோட்டில் டீக்கடை வாசலிலேயே நின்றது. டீக்கடைக்காரர் அதன்மேல் துண்டு காயப் போட்டார். அப்பாவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சமயபுரத்தில் காருக்குப் பூஜை. பூஜை முடிந்து, மாலையும் கழுத்துமாக கார் வீட்டு வாசலில் வந்து நிற்கணும். அதற்குள் அந்த மேடு தொலையணும்.

கடை ஜங்ஷன் பக்கம். கடைக்கார பாய் நல்ல மனுஷர். எனக்குத்தான் முதலில் ஸ்டூல் போட்டார்.

"ரோட்டுக்கா, வயலுக்கா?" என்று கேட்டார்.

"ரோட்டுக்குத்தான். ஆனா ரெண்டும் மண்ணுதானே பாய்?" என்றார் அப்பா.

பாய் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

மூன்று சாமான் காட்டினார். ஒன்று பெரிய இரும்புப் பெட்டி, அடியில் பல்லு. மண்ணைக் கீறி, வாரி, பள்ளத்தில் கொட்டும். இன்னொன்று இரண்டு தண்டவாளத் துண்டைச் சங்கிலியில் கோத்தது. சும்மா இழுத்துக்கொண்டு போகணும். மூன்றாவது பிளேடு. ஆள் நீளத்துக்கு வளைந்த இரும்புத் தகடு. இடப்பக்கம், வலப்பக்கம் திருப்பலாம். ஒரு பக்கம் தாழ்த்தலாம்.

அப்பா பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. ரொம்ப சந்தோஷப்பட்டார். "கனமா இருக்கு, இதுதான் நல்லது."

மாரிமுத்து அண்ணனும், "அண்ணே, இது வயலுக்கும் ஆவும்" என்றார்.

நான் எழுந்தேன். சாமான்களில் தொங்கிய இங்கிலீஷ் நோட்டீஸைப் படித்தேன். "பெட்டி ரொம்பக் குழி விழுந்த ரோட்டுக்கு. தண்டவாளம் மேலாகத் தேய்க்க மட்டும். வருஷா வருஷம் பாதையைச் சரி பண்ண பிளேடுதான்னு போட்டிருக்கு. நம்ம சின்ன டிராக்டர் பெட்டியைத் தூக்கவும் தூக்காது."

"பாப்பா சொல்றது கரெக்ட்டுங்க" என்றார் பாய்.

அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்போதே எனக்குக் காலேஜ் மணி கேட்டது.

பிளேடோடு ஒரு புத்தகம் கொடுத்தார்கள். பதினாறு பக்கம். பாய் சொன்னார்: "ரோட்டுக்கு எப்படி வைக்கணும்னு கடைசியில இருக்கும்மா. மறக்காம முழுசா படிச்சிருங்க."

"படிச்சிருவேன் பாய்."

படிக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மாட்டுவது எப்படி என்று ஆறு பக்கம் படித்தேன். மாட்டுகிற ஆணி எங்கே, கொக்கி எங்கே, நெம்புகோல் எங்கே. மாட்டியாச்சு. தூக்கிப் பார்த்தாச்சு, தூக்கியது. அப்புறம் என்ன படிக்கிறது!

வியாழக்கிழமை வேலை. பிளேடை நேராக வைத்து மாரிமுத்து அண்ணன் ஓட்டினார். திமில் போச்சு! பள்ளம் நிரம்பிச்சு! பன்னிரண்டு தடவை போய் வந்தார். அப்புறம் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். முப்பது வருஷம் நெல் வயலை மட்டம் பார்த்த கண்.

"அந்தக் கோடியில அரை விரக்கடை ஒசரம் பாப்பா."

"எடுத்துருங்க அண்ணே."

எடுத்தார். பிளேடு தள்ளின மண் இரண்டு ஓரத்திலும் குவிந்திருந்தது. மண்வெட்டியால் அதை ஒழுங்காக ஒதுக்கி, தட்டி, காலால் மிதித்து, அழகாக இரண்டு வரப்பு போட்டார். யாரும் சொல்லவில்லை. அவர் கை தானாகப் போட்டது. எனக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் வரப்பு இல்லாத மண்ணை யார் பார்த்தார்கள்?

அப்பா பார்த்தார். "தட்டாமாலை சுத்தலாம் போல இருக்கே!" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அப்பாவும் அம்மாவும் காரில் சமயபுரம் போனார்கள். அப்பாவே ஓட்டினார். ஓட்டப் பழகி ஒன்பது நாள்.

பாதையில் புழுதி பறந்தது. "தண்ணி தெளிச்சா படிஞ்சிரும்" என்றார் மாரிமுத்து அண்ணன். நானும் அவரும் குடத்தில் கொண்டுவந்து தெளித்தோம். நாலு குடம். இருபது அடிகூட நனையவில்லை. எனக்குப் பொறுமை போச்சு.

"அண்ணே, பக்கத்துலதானே வாய்க்கால்? மோட்டாரைப் போட்டு மடையைத் திறந்து விடுங்க!"

"அதுவும் சரிதான்" என்றார் அவர். இரண்டு பேரில் ஒருவருக்காவது புத்தி இருந்திருக்கலாம்.

தண்ணீர் வந்தது. ஆகா, எப்படி வந்தது! ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தடங்கலே இல்லாமல் ஓடிப் பரவியது. ஒரு மேடு தெரியவில்லை. பர்லாங் முழுக்க நாலு விரக்கடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது.

மாரிமுத்து அண்ணன் கண் கலங்கிவிட்டார். "என் ஆயுசுல இப்படி ஒரு மட்டம் வச்சதில்ல பாப்பா."

அந்த வழியாக நடவு ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்த அஞ்சலை அக்கா நின்று பார்த்தாள்.

"நல்லா இருக்கே! நாத்து எங்க?"

"இது ரோடுக்கா."

"ரோடா? தண்ணி நிக்குது, வரப்பு இருக்கு. எங்களக் கேட்டா நாளைக்கே நட்டுருவோம்."

பின்னால் வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் வாழைத்தோட்டத்துக் கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. பறந்து, வட்டம் போட்டு, எங்கள் ரோட்டில் வந்து இறங்கியது. மீன் தேட!

அப்போதுதான் உள்ளே ஓடிப் புத்தகத்தை எடுத்தேன். பதினாலாம் பக்கம். பாதையின் நடுப்பகுதி ஓரத்தைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும், தண்ணீர் இரண்டு பக்கமும் வழிய வேண்டும், ஓரத்தில் ஒருபோதும் மண்ணைக் குவித்து வைக்கக்கூடாது. 'ஒருபோதும்' என்பதற்கு அடியில் கோடு வேறு போட்டிருந்தான்.

"அண்ணே! வரப்பை வெட்டுங்க! வெட்டுங்க!"

"போட்ட வரப்பையா?" அவருக்கு மனசே வரவில்லை. நானே மண்வெட்டியைப் பிடுங்கி ஒரு வெட்டு வெட்டினேன். இரண்டாவது வெட்டுக்குள் மெயின் ரோட்டில் ஹாரன்.

மாலை போட்ட கார் திரும்பியது. நில்லுங்க, நில்லுங்க என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அப்பா பதிலுக்கு ஒரு கையை ஆட்டினார். வேகத்தையும் கூட்டினார்!

அப்புறம் அவரே சொன்னது: "வெயில்ல பளபளன்னு மின்னுச்சு. என் பொண்ணு தார் ரோடே போட்டுட்டாள்னு நெனச்சேன்."

கார் எங்கள் ரோட்டு வயலுக்குள் பாய்ந்தது. கொக்குகள் பறந்தன. முப்பது அடி வந்தது. அடுத்த அடி வரவில்லை. சக்கரம் சுற்றச் சுற்றச் செம்மண் சேறு பின்னால் பீய்ச்சி, வேடிக்கை பார்த்த அஞ்சலை அக்கா கூட்டம் மொத்தமும் சிவந்தது.

அப்பா கதவைத் திறந்து காலை வைத்தார். வெள்ளை வேட்டி முழங்கால் வரை உள்ளே போச்சு. அம்மா பின் சீட்டில் பிரசாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "நான் இறங்கமாட்டேன், எனக்கு நீந்தத் தெரியாது" என்றாள்.

டிராக்டர் வந்துதான் காரை இழுத்தது. மாலையோடு.

வாசலில் அப்பா சேற்றுக் காலோடு நின்றார். காலேஜ் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் பயம் எதற்கு?

"தப்பு என்னோடதுதான்பா. பதினாறு பக்கத்துல ஆறுதான் படிச்சேன். மடையைத் திறக்கச் சொன்னதும் நான்தான். மாரிமுத்து அண்ணனைத் திட்டாதீங்க."

"மிச்சப் பக்கத்துல என்ன போட்டிருக்கு?"

படித்துக் காட்டினேன். சனிக்கிழமை தண்ணீரை வடித்தோம். ஞாயிறு காய விட்டோம். திங்கள் பிளேடைச் சாய்த்து, ஓரத்து மண்ணை நடுவுக்கு இழுத்தோம். சாயங்காலம் கார் தானாகவே வாசலில் வந்து நின்றது. அடிவயிறு இடிக்கவில்லை.

அப்பா இறங்கி, பாதையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ளிகேஷன் வாங்கிட்டு வா."

"நிஜமாவாப்பா? ரோடு இப்பதானே ஒழுங்கா வந்துச்சு?"

"ரோட்டுக்காக இல்லடி. நீ வீட்டுல சும்மா இருந்தா அடுத்து கூடத்துல தண்ணி பாய்ச்சுவே."

ஆக, நான் காலேஜுக்குப் போவது மார்க்கால் இல்லை, மடை திறந்ததால்.