கலோயான்கிராத் விழுந்த சனிக்கிழமை

வியாழக்கிழமை சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் ரலிட்சா கணவன் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"சனிக்கிழமை பத்துலேருந்து பன்னெண்டுக்குள்ள சோதனைக்கு வராங்களாம். கீழ வாசக்கதவுல ஒட்டியிருக்கு."

"என்ன சோதனை?"

"வீடு வீடா வராங்க. எல்லா அறையையும் தொறந்து காட்டணுமாம். ஆள் இல்லேன்னா நடவடிக்கையாம்."

கலோயான் கடித்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டான். சோபியா நகரத்தில் நீதிமன்றக் கோப்பறையில் அவனுக்கு வேலை. வீட்டுக் கம்ப்யூட்டரில் முப்பத்தெட்டு விளையாட்டுகள். ஒன்றைக்கூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை, எல்லாம் இணையத்தில் இறக்கியவை. அந்த வாரம்தான் அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள், எங்கேயோ ஒரு வாத்தியார் வீட்டில் இதே குற்றத்துக்காகப் போலீஸ் புகுந்து கம்ப்யூட்டரை மவுஸோடு தூக்கிப் போய்விட்டதாம். நாளைக்குத் தன் பெயர் போட்ட கோப்பைத் தானே அலமாரியில் அடுக்க வேண்டிவருமோ என்று நினைத்தான்.

வாசலில் ஒட்டும் காகிதங்களை அவன் படிப்பதே இல்லை. மாடிப்படி கழுவும் முறை, விளக்கு மாற்றும் முறை என்று அவன் செய்யாத ஏதோ ஒன்றுதான் அதில் இருக்கும். இப்போது இறங்கிப் போய்ப் படிக்கத் தைரியமும் இல்லை. பெயர் போட்டே எழுதியிருந்தால்?

"பயப்படறியா?" என்றாள் ரலிட்சா.

"நான் ஏன் பயப்படணும்? திருடினா பொருள் காணாமப் போகணும். இது வெறும் பிரதி. அவங்க விளையாட்டு அவங்ககிட்ட அப்படியேதானே இருக்கு?"

"சரி."

"பிடிச்சிருக்கான்னு பாக்கத்தான் எறக்கினேன். பிடிச்சா வாங்கியிருப்பேன்."

"பதினோரு மாசமா பாக்கறியே."

"நல்லாப் பாக்கணும்ல? அமெரிக்காக்காரன் சம்பளத்துக்கு விலைய வெச்சுட்டு என்கிட்ட வந்து கேட்டா எப்படி? சின்ன வயசுல தெருமுனையில மேசை போட்டுப் பிரதிதான் வித்தாங்க. அசல்னு ஒண்ணு இருக்கறதே இருபது வயசுலதான் எனக்குத் தெரியும்."

"வரவங்ககிட்ட இதையே சொல்லு," என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க லிப்ட் சத்தம் கேட்டாலே அவனுக்கு வியர்த்தது. முப்பத்தேழு விளையாட்டுகளை அழித்தான். கடைசி ஒன்றில் கை ஓடவில்லை. அது ஊர் கட்டும் விளையாட்டு; அதில் அவன் தன் பெயரையே வைத்துக் கட்டிய நகரம், கலோயான்கிராத். மூன்று பாலம், இரண்டு டிராம் பாதை, நாற்பதாயிரம் ஜனம். ரலிட்சா ஒரு மணி நேரம் கேட்டால்கூடக் கொடுத்ததில்லை. மனுஷங்க வாழற ஊரு, உனக்கு விளையாட்டா என்பான்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தான், கண் கலங்க.

"ஊரு முக்கியமா, வேலை முக்கியமா?" என்றாள் ரலிட்சா.

"ரெண்டும்."

"எழுந்திரு. நான் அழிக்கறேன். நீ பால்கனிக்குப் போ, பாத்தா தாங்கமாட்ட."

போனான். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கால் மணி நேரம் ஆயிற்று. அழிக்க இவ்வளவு நேரமா என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

"ஆச்சு," என்று குரல் வந்தது.

பத்தேகாலுக்கு லிப்ட் ஏழாவது மாடியில் நின்றது. கதவைத் தட்டினார்கள். திறந்தால், தோளில் பையும் கையில் படிவமுமாக ஒரு ஆள்.

"எல்லா அறையும் பாக்கணும் சார்."

கலோயான் கதவை மறித்து நின்றுகொண்டான். "ஐயா, எல்லாத்தையும் அழிச்சாச்சு. முப்பத்தெட்டும். நான் யாருக்கும் விக்கல. பிடிச்சிருக்கான்னு பாக்கத்தான் எறக்கினேன். நாங்க வளந்த காலத்துல கடையே இல்ல ஐயா. எனக்கு நீதிமன்றத்துல வேலை, வெளிய தெரிஞ்சா போயிடும்."

வந்தவர் அவனைத் தாண்டி உள்ளே வந்தார். பிறகு வரவேற்பறையில் குளிருக்குச் சூடு தரும் ரேடியேட்டர் முன்னால் மண்டியிட்டு, அதன்மேல் ஒட்டியிருந்த சின்ன மீட்டரைப் படித்துக் குறித்துக்கொண்டார்.

"குளிர்காலத்துல ரேடியேட்டர் எவ்வளவு சூடு எடுத்துச்சுன்னு வருஷா வருஷம் மே மாசம் வந்து பாக்கறதுதானே சார். எத்தனை ரேடியேட்டர்?"

"நாலு," என்றான் கலோயான்.

கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும்போது அந்த ஆள் வாசலில் தயங்கினார். "எங்கேருந்து எறக்கறீங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க சார். வீட்டுல பசங்க நச்சரிக்கறாங்க."

கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்கு ஓடினான். ரலிட்சா தன் மடிக்கணினி முன்னால் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். திரையில் மூன்று பாலம், இரண்டு டிராம் பாதை.

"இது என் ஊரு," என்றான்.

"உன் ஊரை அழிச்சாச்சு. இது பிரதி."

"என்னை ஏமாத்திட்ட."

"ஒட்டியிருந்ததைத்தான் சொன்னேன். என்ன சோதனைன்னு நீ இன்னொரு தடவை கேக்கவே இல்லையே."

அவன் திரையைக் கூர்ந்து பார்த்தான். நகர எல்லையில் புதுப் பலகை. பென்காகிராத்.

"உங்கம்மா பேரா?"

"மேயரே அவங்கதான். கம்ப்யூட்டரோட பஸ் ஏறிட்டாங்க, மத்தியானம் வந்துடுவாங்க. அவங்க கம்ப்யூட்டர்லயும் இதை ஏத்தணுமாம். நீதான் ஏத்தணும்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. கோர்ட்டுல வேலை பாக்கற மாப்பிள்ளை கைபட்டா பின்னாடி வில்லங்கம் வராதாம்."