கம்ப்யூட்டருக்குப் போர்த்திய பொன்னாடை

பாளையங்கோட்டை
12.10.1998

அன்புள்ள மருமகன் குமரகுருபரனுக்கு, உன் தாய்மாமன் தாணுமாலையன் ஆசி கூறி எழுதுவது. இங்கே உன் அத்தை பாலம்மாளும் மகள் சுப்ரஜாவும் சுகம். பெங்களூர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகவும். என் சுகத்தைப் பற்றிக் கேட்பாய். விஜயதசமி முதல் நான் ஓய்வு பெற்றிருக்கிறேன். எனக்கு வயது ஐம்பத்து நாலுதான் என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நீ செய்து கொடுத்த கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

சித்திரையில் எங்கள் லாரி சர்வீஸ் ஆபீசில் அதை வைத்துவிட்டு நீ என்ன சொன்னாய் என்று ஞாபகப்படுத்துகிறேன். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் விளங்காது மாமா, நாலு சங்கதி சேர்ந்து வந்தால் நடப்பது இன்னதென்று அதுவே கண்டுபிடித்து, ஆகவேண்டிய வேலையை யாரையும் கேட்காமல் தொடங்கி முடித்தும் வைத்துவிடும் என்றாய். லாரி திரும்பவில்லை, டிரைவர் போன் செய்யவில்லை, கயத்தாற்றில் மழை என்று மூன்றும் சேர்ந்தால் மெக்கானிக்கை அனுப்பச் சொல்லும் என்றாய், சொல்லவும் செய்தது. நான்தான் சும்மா இராமல், டிரைவர் கருத்தையா ஓய்வு பெற்று வருஷமாகியும் அவர் ஓய்வுக் காகிதம் நகரவில்லையே, அதற்கும் ஒரு வழி செய் என்றேன். நீயும் உட்கார்ந்த இடத்தில் செய்தாய். ஆபீஸ் கணக்கில் ஒரே நாளில் மாலை, பொன்னாடை, லட்டு, போட்டோ என்று நான்கு செலவும் வந்து, யார் பேரில் அன்று வேலை பதியவில்லையோ அவர் ஓய்வு பெறுகிறார் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தாய். கெட்டிக்காரன் என்று உன் முதுகில் தட்டினேன். அந்தக் கையை இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆயுத பூசை வந்தது. முதலாளி கிருபைராஜ் அண்ணாச்சி சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், பூசைக்கு நிற்க மாட்டார், பொரிகடலையை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். மற்றபடி எல்லாம் என் பொறுப்பு. லாரிக்கெல்லாம் சந்தனம் வைத்தாயிற்று, புதிதாக வந்த கம்ப்யூட்டரைச் சும்மா விடலாமா? துடைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டு, ஒரு பொன்னாடையும் நானே போர்த்தினேன். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். லட்டு கொடுத்தோம். அன்று யாரும் எதையும் தொடவில்லை. மறுநாள் நல்ல நேரம் பார்த்து, குமாஸ்தா நடராஜ் முதல் வேலையாகப் பூசைச் செலவை, மாலை முதல் போட்டோ வரை, முந்தின நாள் தேதியில் பதிந்தான். நான்கும் சேர்ந்துவிட்டது. ஆபீசில் ஒருத்தர் பேரிலும் வேலை பதியவில்லை என்றதும் இருப்பதில் மூத்தவன் யாரென்று பார்த்து என்னைப் பிடித்துக்கொண்டது.

பிறகு அது அச்சடித்த வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு விடுவிப்பு உத்தரவு, முப்பது கிளைகளின் பேரிலும் பாராட்டுக் கடிதம், விலாசம் இருந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்பு, அடுத்த மேனேஜராக நடராஜுக்கு நியமனம். வருவதை உறையில் போட்டுத் தபாலில் சேர் என்று நீ சொன்னதைத் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியாது, சேர்த்துவிட்டான். இப்போது என் நாற்காலியில் இருக்கிறான். எழுந்திருலே என்றால், “நான் உக்காரலன்னா திரும்ப அச்சடிக்கி அண்ணாச்சி” என்று கண்ணைக் கசக்குகிறான். முதலாளியிடம் போனேன். “இம்புட்டு செலவழிச்சு வாங்கியிருக்கு, தப்பா சொல்லுமா வே? ஒமக்கு உள்ளுக்குள்ள ஏதும் சீக்கு இருக்கான்னு பைய ஒரு டாக்டரைப் பாரும்” என்கிறார். வீட்டில் உன் அத்தை காலையில் காய்கறிப் பையும் மத்தியானம் மண்ணெண்ணெய் டின்னும் தந்து அனுப்புகிறாள், சும்மாதானே இருக்கீக என்கிறாள்.

இதெல்லாம் போகட்டும். சுப்ரஜாவுக்குத் தையில் கல்யாணம். சம்பந்தி அப்பாத்துரை நிச்சயத்தன்றே ஒன்று சொல்லிவிட்டார்: “வேலைய விட்டவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மனுசன் எட்டிப் பாக்க மாட்டான். நீரு உத்தியோகத்துல இருக்கும்போதே முடிச்சிரணும்.” அவர் விலாசமும் கம்ப்யூட்டரில் இருந்தது. அறிவிப்பு அம்பாசமுத்திரம் போய்ச் சேர்ந்திருக்கும். பிள்ளை முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீ இந்தக் கடிதம் கண்டவுடன் பஸ் ஏறி வந்து, எந்த நாலைச் சேர்த்து என்னை வீட்டுக்கு அனுப்பினாயோ, வேறு ஏதாவது நாலைச் சேர்த்து மறுபடி உத்தியோகத்தில் ஏற்ற வேண்டும்.

உன் அம்மாவிடம் என் நமஸ்காரத்தைச் சொல். உனக்கு நல்ல இடத்தில் பெண் அமையவும், நீ தொட்டதெல்லாம் துலங்கவும், அடுத்ததாகத் தொடுமுன் யோசிக்கவும் காந்திமதியம்மை அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் மேனேஜர் தாணுமாலையன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அப்பாத்துரை பழத்தட்டோடு வந்துவிட்டார். பாராட்டுக் கடிதங்கள் அத்தனையிலும் அவருக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. “முப்பது ஊர்லேருந்து எழுதுதான்னா நீரு லேசுப்பட்ட ஆளா வே? அவ்வளவு பேரும் வருவான். தை வரைக்கும் என்னத்துக்கு, கார்த்திகையிலயே வச்சிருவோம்” என்கிறார். சுப்ரஜா அடுப்படியில் சிரித்தது இங்கே வரை கேட்டது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்ததாக வைத்துக்கொள். தாலி ஏறும்வரை கம்ப்யூட்டரைத் தொடாதே. உடனே ஓடிப்போய்ச் சேதி சொன்னதில், கல்யாணச் செலவை ஆபீஸ் கணக்கில் பதியச் சொல்லி முதலாளி பெருந்தன்மையாக உத்தரவிட்டிருக்கிறார். மேடையில் அவருக்கு மாலை, பொன்னாடை, லட்டு, போட்டோ எல்லாம் உண்டு. அன்று ஆபீசுக்கு விடுமுறை. நான் வெளியே வந்துவிட்டதால் இப்போது அங்கே மூத்தவர் அவர்தான். இதற்கும் ஒரு வழி செய்கிறேன் என்று கிளம்பாமல், லீவு போட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு வா.