பெரட்டு அண்ணனும் ஒன்பதாம் நம்பரும்

பொகவந்தலாவையில் மழைக்குக்கூட ஓய்வு உண்டு. பெரட்டு அண்ணனின் பெரட்டுக்கு ஓய்வே கிடையாது. எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களுக்கு அவர்தான் பொறுப்பு. தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டை இவர் லினக்ஸ் மெஷினில் எடுப்பார். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைத் திரையில் வரவழைத்து, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விசாரிப்பார்.

"நீ ஏம்ப்பா நேத்துலேருந்து சும்மா நிக்கிற? வீட்டுக்குப் போ."

எதையும் அவர் பட்டென்று கொன்றதில்லை. முதலில், மரியாதையாக நிற்கச் சொல்லும் கட்டளை. பிறகு, ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் காத்திருப்பார். "கையில இருக்கிற வேலைய கீழ வைக்க நேரம் குடுக்கணும்ல," என்பார். கேள்வி கேட்காமல் கொல்லும் ஒன்பதாம் நம்பர் கட்டளையை வாயால் சொல்லக்கூட மாட்டார். நான் சேர்ந்து இரண்டே வாரம், வேலை நிரந்தரமாகவில்லை. எனக்கு இதெல்லாம் வெட்டி வேலையாகத் தெரிந்தது.

ஒருநாள் காலை, அறிக்கை எடுக்கும் புரோகிராம் நாற்பது பிரதிகளாகப் பெருகி மெஷினை முடக்கியது. அண்ணன் டீ ஊற்றப் போயிருந்தார். ஒரே போடாகப் போட்டுவிடலாம் என்று தட்டினேன்: pkill -9 koluntu. பெயரில் 'கொழுந்து' என்று இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துக் கொல் என்று பொருள்.

தேயிலைத் தொழிற்சாலையில் புரோகிராமுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அறிக்கையும் கொழுந்து, எடையும் கொழுந்து, மேல்மாடியில் இலை வாட்டும் விசிறிகளை ஓட்டுவதும் கொழுந்து. விசிறிகள் அத்தனையும் நின்றன. மாடியில் அன்றைய கொழுந்து முழுக்கப் பரப்பிக் கிடந்தது. காற்று நின்றால் சூடேறிச் சிவந்துவிடும். அப்புறம் கொழுந்தும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை.

அண்ணன் கோப்பையோடு ஓடிவந்தார்.

"யாரு யாரு நிக்கிறாங்கன்னு பாக்காமலா அடிச்ச?"

அவ்வளவுதான் திட்டு. தினமும் பெரட்டு எடுத்தவருக்குப் பட்டியலே மனப்பாடம். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கிளப்பினார். பத்து நிமிஷத்தில் கடைசி விசிறியும் சுழன்றது. கொழுந்து பிழைத்தது.

அதற்குள் தோட்டத்து மேனேஜர் தொரை வந்துவிட்டார். "யாரு செஞ்ச வேல இது?"

"நான்தாங்க தொர. அவசரத்துல ஒம்பது போட்டுட்டேங்க," என்றார் அண்ணன்.

தொரை அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். பொறுக்க முடியாமல், உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் மேசைக்கடியில் என் காலை ஓங்கி மிதித்தார்.

இரண்டு நாள் நொண்டினேன். அவ்வளவு அன்பாக என்னை அதற்குப் பிறகு யாரும் மிதித்ததில்லை.