தாய்மாமன் முன்னிலையில் ஒரு நேர்காணல்

ஒருவர் மீது வருஷக்கணக்கில் கோபமாக இருப்பது லேசான வேலை இல்லை. அதுவும் அவர் தாய்மாமனாக இருந்து, பலா சீசனில் வீடு தேடி வந்து சுளை உரித்துக் கொடுப்பவராகவும் இருந்துவிட்டால் ரொம்பச் சிரமம். (தின்றுகொண்டே முறைத்துப் பாருங்கள், தெரியும்.) ஆனாலும் நான் விடுவதாக இல்லை.

அப்போது கல்லூரி முடித்த புதிது. மலைமேல் வளப்பூரில் எங்கள் தோட்டத்து மிளகுக் கொடிகள் வாடல் நோயில் பட்டுப்போவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். பயிர் நோய்கள் பற்றி மேற்படிப்பு படிக்க இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். மிச்சமிருந்தது வீடியோவில் ஒரு நேர்காணல். அதற்கு நான் அடித்த கூத்தும் கொஞ்சமில்லை. பதில்களை மனப்பாடம் செய்து, மிளகுக் கொடிகளுக்கு நடுவே நடந்தபடி நாக்கைச் சுழற்றிச் சுழற்றி ஒப்பித்தேன். சொந்த ஊரின் பெயரையே வெள்ளைக்காரி மாதிரி உச்சரித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. அரியூரில் ராசு மாமா வீட்டில்தான் நன்றாக எடுக்கும். அறைக்குள் நான் மட்டும்தான் இருக்க வேண்டும், கூட யாராவது இருந்தால் பதில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நேர்காணலையே ரத்து செய்துவிடுவார்கள் என்று மாமாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஆனால் எங்கள் பக்கம் ஒரு பழக்கம் உண்டு. பெண்ணை வெளியே அனுப்புகிற பேச்சு எதுவானாலும் தாய்மாமன் உட்காராமல் நடக்காது. கல்யாணத்துக்குச் சரி. பல்கலைக்கழகத்துக்கும் அதே சட்டம் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. சலவை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. மாமா நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துக் கும்பிட்டார். பின்னாலேயே அத்தை வந்து, திரையில் இருந்த அம்மாளுக்கும் சேர்த்து வாழைப்பழமும் காபியும் வைத்துவிட்டுப் போனார்.

இவர் யார் என்று அந்த அம்மாள் கேட்டார். என் மாமா, இப்போது போய்விடுவார் என்றேன். அவர் நம்பவில்லை. படிப்பு முடிந்ததும் நீ ஊர் திரும்புவாய் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று அடுத்த கேள்வியைப் போட்டார். (நான் என்னவோ அவர்கள் நாட்டைச் சுருட்டப் போகிறவள் மாதிரி.) மனப்பாடப் பதிலை நான் தேடுவதற்குள் மாமா குறுக்கே வந்தார்.

"கண்ணு, அங்க வந்தா புள்ளைக்கு யாரு பொறுப்புன்னு கேளு. படிச்சு முடிச்சதும் ஒழுங்காத் திருப்பி அனுப்புவாங்களான்னும் கேட்டுரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாளுக்கு நான் திரும்பிப் போகமாட்டேன் என்று சந்தேகம். இவருக்கு நான் திரும்பி வரமாட்டேன் என்று சந்தேகம். மிளகுக் கொடி ஏன் சாகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் கிளம்புகிறேன் என்பதில் இருவருக்கும் அக்கறை இல்லை.

"மாமா, மொதல்ல எந்திரிச்சு வெளிய போங்க. என்னப் படிக்க உடுங்க."

இங்கிலாந்து வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன். கேட்டது. மாமா அசையவில்லை. அந்த அம்மாள்தான் விதிமுறையை வாசித்துவிட்டுத் திரையிலிருந்து போனார். சில நாளில், இடம் இல்லை என்று மெயில் வந்தது. தோட்டத்தில் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

அடுத்த வருஷம் வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். அந்த நேர்காணலுக்கு நாமக்கல்லில் தோழியின் அறைக்குப் போய், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். படித்து முடித்து ஊருக்குத் திரும்பியும் வந்துவிட்டேன். அதற்குள் மாமா கதையை மலை முழுக்கப் பரப்பியிருந்தார். அவர் கதையில் என்னை யாரும் நிராகரிக்கவில்லை. அவர்தான் பேசிப் பார்த்து, பிடிக்காமல், அவர்களைத் தட்டிக்கழித்துவிட்டார்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியிலும் நான் பக்கத்தில் இருக்கும்போதே ஆரம்பித்தார்.

"அந்த எடம் நமக்குச் சரிப்பட்டு வரலீங்க. கேட்டதுக்கு ஒரு பதிலுஞ் சொல்லல. நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாள் நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார்.

"பாவம். அப்பறம் அவங்களுக்கு வேற புள்ள கெடச்சுதாங்களா?"

மாமா உதட்டைப் பிதுக்கினார்.